கோயில் வண்டிக்கு எந்த ஆயில்

ஜூலை 8, திங்கள்

அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, இன்னும் முப்பத்து மூன்று நாள். கோயில் மைதானத்தில் புல் முழங்கால் உயரம் நிற்கிறது. ஆகஸ்டு பத்தாம் தேதி ஆயிரத்து இருநூறு பேர் அதில் பந்தியாக உட்கார்ந்து சோறும் கறிக்குழம்பும் சாப்பிட வேண்டும். இன்றைய நிலையில் உட்கார்ந்தால் தலை மட்டும்தான் தெரியும்.

இந்த நோட்டைத் தொடங்கிய காரணத்தையும் எழுதிவிடுகிறேன். எங்கள் எபினேசர்புரம் கோயிலில் புல் வெட்டும் டிராக்டர் ஒன்று இருக்கிறது. மேலே உட்கார்ந்து ஓட்டலாம்; அடிவயிற்றில் கத்தி சுற்றும். 1997இல் ஒரு வெளிநாட்டுச் சபை கப்பலில் அனுப்பி வைத்தது. வந்த நாளிலிருந்து அதை ஓட்டியவன் கோயில்குட்டி தேவபிச்சை. மணி அடிப்பது, பெருக்குவது, பாட்டு எண் பலகை மாட்டுவது, கல்லறைக்குக் குழி வெட்ட ஆள் பிடிப்பது, இதெல்லாம் பார்க்கிற ஊழியனைத்தான் எங்கள் பக்கம் கோயில்குட்டி என்போம்.

ஏப்ரல் 14ஆம் தேதி வண்டி நின்றுவிட்டது. எஞ்சின் ஓடியது, சக்கரம் அசையவில்லை. நான் திறந்து பார்த்தேன். கியர் பெட்டிக்குள் சாதாரண எஞ்சின் ஆயிலை ஊற்றி வைத்திருந்தான். முப்பத்தோரு வருடம் வேதியியல் நடத்தியவனுக்கு இதைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். சபைச் செயலர் என்ற முறையில், "அறியாமையாலும் அலட்சியத்தாலும் சபையின் சொத்தைப் பாழாக்கினார்" என்று அறிக்கை எழுதினேன். கமிட்டி அவனை வேலையை விட்டு நீக்கியது. கோயில் வளாகத்தில் குடியிருந்த வீட்டையும் காலி செய்தான். அறிக்கையை ஞாயிறு ஆராதனையில் அறிவிப்புகளோடு நானே வாசித்தேன். வாசிப்பு தெளிவாக இருந்ததாக இரண்டு பேர் சொன்னார்கள்.

புதுக் கோயில்குட்டியை ஆகஸ்டு 4ஆம் தேதி கமிட்டி நியமிக்கும். அதற்குமுன் சரியான ஆயிலை ஊற்றி வண்டியை ஓட வைப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அறிக்கை சரிதான் என்பதும் அத்தோடு நிரூபணமாகும்.

ஜூலை 9, செவ்வாய்

வண்டி நிற்கும் கொட்டகையைச் சுத்தம் செய்தேன். சுவரில் பாட்டு எண் பலகைகள் இரண்டு, 20, 50 என்று, ஆணி அடித்து மாட்டியிருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் இருபதாம் பாட்டு வரும்போதெல்லாம் பலகை இல்லாமல் சாக்பீஸால் எழுதிக்கொண்டிருந்தோம். கழற்றி எடுத்துக் கோயில் பெட்டியில் சேர்த்தேன். அலட்சியத்துக்கு இன்னொரு சான்று.

ஜூலை 10, புதன்

வண்டியை வெளிச்சத்துக்குத் தள்ளினேன். இருக்கைக்குப் பின்னால் ஒரு சிறு கம்பி உண்டு. அதை வெளியே இழுத்துவிட்டால் வண்டி கையால் தள்ள உருளும். இந்த நுணுக்கம் ஊரில் பலருக்குத் தெரியாது. ஏப்ரல் 13ஆம் தேதி பேராயரின் கார் நுழைய இடமில்லாமல் போனபோது நான்தான் கம்பியை இழுத்து, தனியாளாக வண்டியைத் தள்ளி ஓரம் கட்டினேன். இன்று பார்த்தால் கம்பி ஏற்கெனவே வெளியேதான் இருந்தது. ஒரு வேலை மிச்சம்.

பழைய ஆயிலை வடித்தேன். தேன் நிறம், நல்ல தெளிவு. பாழான ஆயில் இவ்வளவு தெளிவாக இருப்பது ஆச்சரியம்தான்.

வண்டியில் ஆயில் விவரம் எழுதிய தகடு இருந்திருக்கிறது. இப்போது திருகாணி மட்டும் இருக்கிறது. இதில் கிளட்ச் கிடையாது. ஒரே மிதி, முன்னால் அழுத்தினால் முன்னால் போகும், பின்னால் அழுத்தினால் பின்னால் போகும். பெட்டிக்குள் இருக்கும் ஆயிலே அழுத்தத்தால் சக்கரத்தைச் சுற்றுகிறதாம். ஆகவே ஆயில் தேர்வு முக்கியம். மஸ்கட்டில் இருக்கும் தம்பி மகனிடம் போனில் கேட்டேன்.

"டிரான்ஸ்மிஷன் ஆயில் செவப்பாத்தான் இருக்கும் பெரியப்பா."

"நிச்சயமாவா?"

"எங்க கம்பெனி கார்ல செவப்பு."

ஜூலை 13, சனி

பாளையங்கோட்டை போய்ச் சிவப்பு ஆயில் வாங்கி வந்து ஊற்றினேன். எஞ்சினை ஓடவிட்டேன். மிதித்தேன். அசையவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

தேவபிச்சை போனதிலிருந்து மணி அடிப்பது என் பொறுப்பு. இன்று எட்டரைக்கு முதல் மணி அடிக்கும்போது மனம் முழுக்கச் சிவப்பு ஆயிலில் இருந்தது. ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி அடித்திருக்கிறேன். அப்படி அடித்தால் துக்க மணி. பதினேழு பேர் போன் செய்து யார் போனது என்று கேட்டார்கள். மற்றவர்கள் கேட்கவில்லை, நேராக அன்னம்மாள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவருக்குத் தொண்ணூற்றொன்று. அவரே கதவைத் திறந்து, மாலையோடு நின்றவரைப் பார்த்து, "யாருக்குப்பா கல்யாணம்?" என்று கேட்டாராம்.

ஒன்பது மணி ஆராதனை ஒன்பதே முக்காலுக்குத் தொடங்கியது.

ஜூலை 17, புதன்

ஆயில் கடைக்காரர் சொல்கிறார்: "கியர் பொட்டின்னா தொண்ணூறாம் நம்பர்தான் சார். லாரிக்கெல்லாம் அதான் போகுது."

இந்த முறை யார் சொல்லையும் அப்படியே நம்புவதாக இல்லை. சோதனைக் குழாய்களில் சிவப்பு, தொண்ணூறு, ஒப்பீட்டுக்காக நல்லெண்ணெய் மூன்றையும் எடுத்து, கடுகு போட்டு, அடிக்குப் போக எத்தனை வினாடி என்று பார்த்தேன். சிவப்பில் உடனே போய்விட்டது. தொண்ணூறில் பாதி வழியில் யோசித்தது. நல்லெண்ணெய் முடிவை எழுதுமுன் மனைவி ரூபவதி வந்து குழாயோடு எடுத்துப்போய்த் தாளித்துவிட்டாள். கடுகும் உள்ளேயே இருந்தது வசதி என்றாள்.

முடிவு: தொண்ணூறு. கனமான வேலைக்குக் கனமான ஆயில்.

ஜூலை 20, சனி

தொண்ணூறு ஊற்றினேன். வண்டி எருமை மாதிரி ஒரு சத்தம் போட்டது. அசையவில்லை.

கையால் தள்ளினால் மட்டும் வழுக்கிக்கொண்டு போகிறது. எஞ்சின் தள்ளினால் போகாத வண்டி, அறுபத்தேழு வயது ஆள் தள்ளினால் போகிறது. இயற்பியல் ஆசிரியர் யாராவது விளக்க வேண்டும்.

ஜூலை 23, செவ்வாய்

ஆடு விட்டு மேயவைக்கலாம் என்று கமிட்டியில் யோசனை. நாற்பது ஆடு வந்தது. புல்லைத் தவிர எல்லாவற்றையும் தின்றது. குரோட்டன்ஸ் வேலி, வாழைக்கன்று இரண்டு, போதகர் வீட்டுக் கொடியில் காய்ந்த துண்டு ஒன்று.

ஜூலை 27, சனி

ஜங்ஷனிலிருந்து மெக்கானிக் வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இது மாதிரி பார்த்ததே இல்லை என்று சொன்னார். போட்டோ எடுத்துக்கொண்டார். டீ குடித்துவிட்டுப் போனார்.

இரவு சாப்பாட்டில் ரூபவதி பேச்சை எடுத்தாள்.

"தேவபிச்சைட்ட ஒரு வார்த்த கேட்டா என்னவாம்?"

"கெடுத்தவன்ட்ட போயி எப்படிக் கெடுத்தன்னு கேக்கச் சொல்லுதியா?"

"இருவத்தேழு வருசம் ஓட்டுனவரு. கெடுக்கணும்னா இம்புட்டு நாள் எதுக்கு காத்திருக்கணும்?"

ரசம் உப்பு கூடுதல் என்று சொன்னேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஜூலை 30, செவ்வாய்

எட்வின் துரை வழியில் நிறுத்திக் கேட்டார். கமிட்டியில் மூத்த உறுப்பினர். புது வேலைக்கு அவருடைய அக்காள் மகன் விண்ணப்பித்திருக்கிறான். "ஞாயித்துக்கெழம வண்டி ஓடும்லா சார்? ஓடலைன்னா உங்க அறிக்கைய ஜனங்க ஒரு மாதிரி பேசும்."

இரவு தூக்கம் வரவில்லை. கொசு.

ஆகஸ்டு 1, வியாழன்

கீழக்குளம் போனேன். தேவபிச்சை அங்கே மச்சினன் வீட்டின் பின்கட்டில் ஓர் அறையில் குடும்பத்தோடு இருக்கிறார். கோழிப்பண்ணையில் வேலை. நான் போனபோது தீவன மூட்டை இறக்கிவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். மனைவி கிருபை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். வாங்க என்று அவர் சொல்லவில்லை. நாற்காலி மட்டும் வந்தது.

கமிட்டிக்குத் தகவல் தேவைப்படுகிறது என்று பேச்சைத் தொடங்கினேன்.

"என்ன ஆயில் ஊத்துனீங்க சார்?"

"செவப்பு. பெறகு தொண்ணூறு."

தேவபிச்சை ஈரக் கையைத் துண்டில் துடைத்தார். ஆஸ்பத்திரியில் இருக்கிற சொந்தக்காரரைப் பற்றிக் கேட்பதுபோல், "சத்தம் போட்டுச்சோ?" என்று கேட்டார்.

"போட்டுது."

"அதுக்கு எஞ்சின் ஆயில்தான் சார். இருவதுக்கு அம்பது. வண்டி கூட வந்த வெள்ளக்காரரு, இந்த வெயிலுக்கு அதுதான் நிக்கும்னு டப்பாவக் காட்டிச் சொல்லிட்டுப் போனாரு. நமக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாதுல்லா. மறந்துரக் கூடாதுன்னு பாட்டு நம்பர் பலகைல ரெண்ட எடுத்துச் செவத்துல அடிச்சு வச்சேன். பாத்திருப்பீங்களே."

பார்த்தேன் என்றேன்.

"அப்போ ஏப்ரல்ல ஏன் நின்னுச்சு?" என்று கேட்டேன். இந்த இடத்தில் அவர் திணறுவார் என்று எதிர்பார்த்தேன்.

"சீட்டுக்குப் பின்னால கம்பி வெளிய இருந்துச்சா, உள்ள இருந்துச்சா?"

"வெளிய."

"அது வெளிய இருந்தா ஓடாதுல்லா சார். மிசினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே அத்துருமே. தள்ளுறதுக்கு மட்டுந்தான் இழுக்கணும். தள்ளி முடிச்சதும் உள்ள குத்திரணும்."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, தேவபிச்சை."

"கம்பியப் பாக்கணும்னு சொல்ல வந்தேன் சார். சாவிய வாங்கிட்டீங்க. கொட்டகைப் பக்கம் போகக் கூடாதுன்னுட்டீங்க."

"கமிட்டியில சொல்லியிருக்கலாம்."

"கமிட்டிக்கு என்னையக் கூப்பிடவே இல்லையே."

கம்பியை இழுத்தது யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் தொண்ணூறை எப்படி ஒரு சொட்டு விடாமல் வடிப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தார். புது ஆயில் ஊற்றியபின் பின்சக்கரம் இரண்டையும் தூக்கி நிறுத்தி, கம்பியை வெளியே வைத்து ஐந்து தடவை, உள்ளே வைத்து ஐந்து தடவை, மிதியை முன்னும் பின்னும் மெதுவாக அழுத்த வேண்டும். அப்போதுதான் உள்ளே நிற்கும் காற்று போகும். நான் எழுதிக்கொண்டேன்.

கிளம்பும்போது கிருபை முதல் தடவையாகப் பேசினார்.

"அறிக்கைய வாசிச்சீங்கல்லா, அன்னைக்கு நான் நாலாவது பெஞ்சுல இருந்தேன் சார்."

நாலரை மணி பஸ் நின்று, ஹாரன் அடித்து, போனது. நான் நிறுத்தத்தில்தான் இருந்தேன். அடுத்த பஸ்ஸில் வந்தேன்.

ஆகஸ்டு 2, வெள்ளி

தொண்ணூறை வடித்தேன். இருபதுக்கு ஐம்பது ஊற்றினேன். ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கி, சொன்னபடி அழுத்தினேன். கம்பியை உள்ளே குத்தினேன். இறக்கி, மிதித்தேன்.

வண்டி ஓடியது. மணிக்கூண்டு வரைக்கும் மேட்டில் ஏறி, திரும்பி வந்தது.

எட்வின் துரை சத்தம் கேட்டு ஓடி வந்தார். "பாத்தீங்களா, நீங்க சொன்னதுதான் சார். ஆயில் கோளாறுதான். சரியான ஆயில ஊத்துனதும் ஓடுதுல்லா. இனி அந்த ஆளு வாயத் தொறக்க முடியாது."

நான் "ம்" என்றேன்.

இதை எழுதி வைக்கிறேன். வேறு யாரும் எழுதப்போவதில்லை. எது உண்மை என்று இந்த ஊரில் தெரிந்தவன் நான் ஒருவன். கீழக்குளத்தில் இரண்டு பேர். அவர்களை யாரும் கேட்க மாட்டார்கள். "ம்" என்று சொன்னபோது நிம்மதியாக இருந்தது. அதுதான் இப்போது அசிங்கமாக இருக்கிறது.

ஆகஸ்டு 3, சனி

நாளைய அறிவிப்புகளை எழுத உட்கார்ந்தேன்.

முதல் நகல்: "டிராக்டர் விஷயத்தில் சில தவறான புரிதல்கள் ஏற்பட்டுவிட்டன." ரூபவதியிடம் காட்டினேன். "யாருக்கு ஏற்பட்டுச்சு?" என்றாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

இரண்டாம் நகல்: "ஆயில் தேர்வு சம்பந்தமான தொழில்நுட்பக் காரணங்களால்." பாத்திரச் சத்தம் மட்டும் கூடியது.

மூன்றாவதில், பேராயர் வருகையின் அவசரத்தைக் குறிப்பிட்டிருந்தேன். "அப்போ பேராயர்தான் இழுத்தாரா?" என்றாள்.

நாலாவது நகல் ஐந்து வரி. அதை அவளிடம் காட்டவில்லை.

ஆகஸ்டு 4, ஞாயிறு

மாதர் ஐக்கியக் கூட்டம் செவ்வாய்க்கிழமை மாலை என்று வாசித்தேன். அடுத்து இதை வாசித்தேன்:

"ஏப்ரல் மாதம் நம்முடைய டிராக்டர் நின்றதற்குக் காரணம் தேவபிச்சை அல்ல. வண்டியைத் தள்ளுவதற்காகக் கம்பியை இழுத்துவிட்டு, திரும்ப உள்ளே தள்ளாமல் விட்டவன் நான். அவர் இருபத்தேழு வருடம் ஊற்றிவந்த ஆயில்தான் சரியான ஆயில். விசாரிக்காமல் அறிக்கை எழுதி, ஒரு குடும்பத்தை வீட்டை விட்டு வெளியேற்றினேன். தவறு முழுவதும் என்னுடையது."

அடுத்த அறிவிப்பு, கண்டெடுத்த குடை ஒன்றைப் பற்றியது. அதற்கு வாய் எடுத்தேன். முதல் பெஞ்சிலிருந்து அன்னம்மாள் கையைத் தூக்கினார். அவருக்குக் காது மந்தம்.

"சாலமோன், கேக்கல. சத்தமாச் சொல்லும்."

திரும்ப வாசித்தேன். இரண்டாம் தடவை வாசிப்பது முதல் தடவையைவிடக் கஷ்டம் என்று இன்றைக்குத்தான் தெரியும். "வெளியேற்றினேன்" என்ற இடத்தில் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு முடித்தேன். குடையை யாரும் உரிமை கோரவில்லை.

மாலை கமிட்டி. நான் சபையைத் தலைகுனிய வைத்துவிட்டதாக எட்வின் துரை அரை மணி நேரம் பேசினார். ஓட்டெடுப்பில் தேவபிச்சையைத் திரும்ப வேலைக்கு அழைக்கத் தீர்மானம்; ஆதரவு ஐந்து, எதிர்ப்பு நாலு. என் ராஜினாமாவையும் கொடுத்தேன். ஒருமனதாக ஏற்றார்கள். இந்த வருடம் கமிட்டி ஒருமனதாக எடுத்த ஒரே தீர்மானம் அது.

போதகர் தீர்மானத்தை எடுத்துக்கொண்டு இரவே கீழக்குளம் போனார். நானும் வரவா என்று கேட்டேன். இன்று வேண்டாம் என்றார்.

ஆகஸ்டு 7, புதன்

தேவபிச்சை நேற்றுக் காலை வந்தார். வீட்டுக்குச் சாமான் அடுத்த வாரம் வருமாம். மைதானத்தை ஒன்றரை நாளில் வெட்டி முடித்துவிட்டார். என் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் வண்டி போவதும் வருவதும் தெரியும். நான் இறங்கிப் போகவில்லை. இரண்டு தடவை செருப்புப் போட்டேன்.

ஆகஸ்டு 10, சனி

அசனம்.

பதவி போனதால் இந்த வருடம் மேடையில் வேலை இல்லை. பரிமாற வரட்டுமா என்று கேட்டேன். சோற்று வாளியைக் கொடுத்தார்கள். புல் ஒட்ட வெட்டியிருந்தது. பந்தி நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. வழக்கமாகக் கோயில்குட்டி குடும்பம் எல்லோரும் எழுந்தபின் கடைசியில்தான் சாப்பிடும். போதகர் அவர்களை முதல் பந்தியில் உட்கார வைத்திருந்தார். நான் பரிமாறும் வரிசை. அது தற்செயல் என்று போதகர் சொன்னார்.

தேவபிச்சை இலைக்கு முன்னால் குனிந்தேன். நாலு நாளாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த எதுவும் வரவில்லை.

"என்னைய மன்னிச்சிரும், தேவபிச்சை."

"சோறு ஆறுது சார். வைங்க."

அவர் குரலில் கோபம் இல்லை. வைத்தேன். கண் கலங்கியதால் கொஞ்சம் இலைக்கு வெளியே விழுந்தது. அவர் அதைத் தள்ளி ஒதுக்கிவிட்டு, குழம்புக்குக் குழி பறித்தார். முடிந்தது என்று நினைத்து அடுத்த இலைக்கு நகர்ந்தேன்.

அடுத்த இலை கிருபை. கரண்டியை நீட்டினேன். அவர் இலையின் மேல் கையை விரித்து வைத்திருந்தார்.

"கோயில்ல சபைக்குச் சொன்னீங்க. இப்ப அவருக்குச் சொன்னீங்க. சட்டி பானையெல்லாம் ரோட்டுல எறக்கி வச்சுட்டு, லோடு வண்டி வாற வரைக்கும், போறவன் வாறவன் பாக்க நின்னது நான். எனக்கு யாரும் சொல்லல."

அவர் சத்தமாகப் பேசவில்லை. இருந்தாலும் பக்கத்து இலைகளில் பேச்சு நின்றுவிட்டது. பின்னால் குழம்பு வாளிக்காரர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் அப்பளக்காரர். பந்தி முழுக்கக் காத்திருந்தது.

நான் இந்தப் பெண்ணைப் பற்றி ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. அறிக்கை எழுதும்போதும் இல்லை, மன்னிப்பு எழுதும்போதும் இல்லை. "ஒரு குடும்பம்" என்று எழுதியிருந்தேன். அவ்வளவுதான்.

வாளியைக் கீழே வைத்தேன். மண்டி போட்டு உட்கார்ந்தேன். முழங்கால் வலி இருப்பதால் அதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"உங்களத் தெருவுல நிறுத்துனது நான்தாம்மா. என்னைய மன்னிச்சிருங்க."

அவர் என்னைப் பார்த்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து இலையிலிருந்து கையை எடுத்தார்.

"வைங்க."

வைத்தேன். எழுந்திருக்கத் தடுமாறியபோது தேவபிச்சை இடது கையைக் கொடுத்தார். வலது கையில் சோறு இருந்தது.